யார் பேரில் அறுப்பது?

பெஷ்தெர் மேடு, ஸ்யெனிட்சா
24 செப்டம்பர் 1980

மதிப்புக்குரிய கணவர் ஃபெஹிம் அவர்களுக்கு, மனைவி ஸும்ரெதா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் சாந்தி உங்கள்மீது இருக்கட்டும். இங்கே மாமா, நான், மகள் முனிரா மூவரும் அவன் காவலில் இருக்கிறோம். ஸ்டுட்கார்ட்டில் நீங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜூன் மாதம் புல் அறுப்பு நேரத்தில் வந்ததுதான் உங்கள் கடைசிக் கடிதம். உலைக்கூடத்தில் வேலை கூடிவிட்டது, கை ஓய்ந்ததும் விவரமாக எழுதுகிறேன் என்று அதில் இருந்தது. கை இன்னும் ஓயவில்லை போலிருக்கிறது. ஜெர்மனியில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று ஊரே பீற்றிக்கொள்கிறது, பேனாவில் மை ஊற்ற மட்டும் அங்கே ஆள் கிடையாதோ? கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வாயாடி என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டீர்கள்.

தபால்காரர் ஸாயிம் வரும்போதெல்லாம் நான் வேலிப் பக்கம் எதையாவது உலர்த்திக்கொண்டு நிற்கிறேன். அவரும் நல்ல மனுஷர். குதிரையை நிறுத்தாமலே, "அடுத்த வாட்டி கட்டாயம் வரும் தங்கச்சி, ஜெர்மன் ரயிலு லேட்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஜெர்மன் ரயில் லேட்டாகும் என்று நான் நம்புவதாக அவர் நம்புகிறார்.

புல்லை உலர்த்திப் போர் போட்டாயிற்று. இந்த வருடம் உறைபனி சீக்கிரமே வந்துவிட்டது, உருளைக்கிழங்கைப் பாதி தோண்டியும் தோண்டாமலும் இருக்கிறோம். முனிரா இப்போது மூன்றாம் வகுப்பு. வாத்தியார் அவள் கையெழுத்தை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமாவுக்குக் கை நடுக்கம் கூடியிருக்கிறது. காபிக் கோப்பை தட்டின்மேல் தாளம் போடுகிறது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால், "கை எங்க நடுங்குது? கோப்பைக்கு அடி சரியில்ல புள்ள, மாத்து" என்கிறார். நானும் கோப்பையை மாற்றுகிறேன். வேறு என்ன செய்ய?

இனி முக்கியமான விஷயம். குர்பான் பெருநாள் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி என்று இமாம் சொல்லிவிட்டார். கிடா தயாராக இருக்கிறது. நம் மந்தையிலேயே பிறந்தது. கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு, கொம்பில் கீறல் இல்லை, காதில் வெட்டு இல்லை, காலில் நொண்டல் இல்லை. மாமா தினமும் அதன் பல்லைத் திறந்து பார்க்கிறார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

நீங்கள் வெளிநாடு போன வருடம் மாமா வீட்டுப் பொறுப்பை உங்கள் தலையில் வைத்தார். அன்றிலிருந்து இந்த வீட்டுக் குர்பானி உங்கள் பேரில்தான் நடக்கிறது. பெருநாளுக்கு ஊருக்கு வந்த வருடங்களில் உங்கள் கையாலேயே அறுத்தீர்கள். வர முடியாத வருடங்களில், "என் குர்பானியை அறுக்க என் தகப்பனாருக்குச் சொல் கொடுக்கிறேன்" என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதுவீர்கள். மாமா அதை இமாமிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். இந்த வருடம் அந்த வரி இன்னும் வரவில்லை.

மற்ற எதற்கும் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நான் கேட்ட கம்பளிக்கும் வேண்டாம், மாடியின் ஒழுகலுக்கும் வேண்டாம். இந்த ஒரு வரியை மட்டும் எழுதிப் போடுங்கள். தபால் அட்டை போதும். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் மாமாவின் கைநடுக்கமே பாதி குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் இறைவன் துணை இருக்கட்டும்.

உங்கள் மனைவி
ஸும்ரெதா


பெஷ்தெர் மேடு
17 அக்டோபர் 1980, வெள்ளி

அன்புள்ள கணவருக்கு, ஸும்ரெதாவின் சலாம்.

நாளை மறுநாள் பெருநாள். இந்தக் கடிதம் அதற்குள் உங்களிடம் வந்து சேராது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கை சும்மா இருக்காமல் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறது.

சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாலாடைக்கட்டி ஏற்றிப் போன வண்டியில் நானும் ஏறி ஸ்யெனிட்சா டவுனுக்குப் போனேன். தபால் நிலையத்திலிருந்து உங்கள் விடுதி எண்ணுக்குப் பேசினேன். யாரோ ஒரு ஆள் எடுத்தார். "ஃபெஹிம், ஃபெஹிம்" என்று நான் கத்தியதில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் ஜெர்மன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். "நைன்" என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. தபால் நிலையத்துப் பெண், "நைன்னா இல்லைன்னு அர்த்தம் அக்கா" என்றாள். எது இல்லை? அறையில் இல்லையா, வேலையில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா? அதைக் கேட்க எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அதற்குள் வைத்துவிட்டார்.

மாமாவிடம், லைன் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். அவர் நேராக இமாமிடம் போனார். நானும் துணைக்குப் போனேன், வழியில் மேடு இருக்கிறதே. மாமா விஷயத்தைச் சொன்னதும் இமாம் தாடியைத் தடவிக்கொண்டு, "பெச்சிர் அண்ணே, உயிரோட இருக்கற, வயசு வந்த ஆம்பளை. அவன் வாயால சொல் வராம அவன் பேருல அறுத்தா அது அவன் குர்பானியாகாது. நீங்க அறுத்த கறியாத்தான் போகும்" என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம். "நான் அவனப் பெத்தவன். அவனப் பெக்க யார்கிட்ட சொல் வாங்கினேன்?" என்று கத்தினார். இமாம் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன்.

ஆனால் இமாம் அதோடு நிறுத்தவில்லை. "மவுத்தாகி மண்ணுக்குப் போனவங்க பேருல அறுக்கறதுன்னா யார் சொல்லும் வேணாம், யாரு வேணும்னாலும் அறுக்கலாம்" என்றார். ஏதோ சட்டம் சொல்கிற வாக்கில்தான் சொன்னார். மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வீட்டு வேலிப் படலைத் திறக்கும்போது, "அப்படி ஒரு குர்பானி நான் அறுக்க மாட்டேன் புள்ள. அவன் பேரு சொல்லி, அவன் சொல்லோடதான்" என்றார்.

புதன்கிழமை நாசிஃப் ஊருக்கு வந்துவிட்டார். உங்களோடு ஒரே உலைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர் ஆயிற்றே, அவர் கார் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும் மாவுக் கையோடு ஓடினேன். "அண்ணே, அவரு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கான் தங்கச்சி. உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாவெல்லாம் பாவாடையில் அப்பிக்கொண்டது. உயிரோடு இருக்கிறீர்கள். அன்றைக்கு முழுவதும் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள்தான் மற்றதெல்லாம் உறுத்தத் தொடங்கியது. நல்லாத்தான் இருக்கிறார் என்று சொன்ன மனுஷர் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் கார் டயரைப் பார்த்துச் சொன்னார்? மாமா அவரைக் காபிக்குக் கூப்பிட்டு வைத்து, "சொல் அனுப்பிருக்கானா?" என்று நேராகவே கேட்டார். நாசிஃப் ஆவி பறக்கிற காபியை அப்படியே விழுங்கிவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார். "சலாம் சொன்னான் மாமா" என்றார். மாமா விடவில்லை. "சலாம் சொன்னான்ல? தகப்பனுக்குச் சலாம்னா அதுல எல்லாம் அடக்கம்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு எழுந்து கத்தி தீட்டப் போய்விட்டார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க நாசிஃபின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. இன்னொரு காபி ஊற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஓடியே போய்விட்டார். நாசிஃப் இரண்டாவது காபியை வேண்டாம் என்று நான் பார்த்ததே இல்லை.

இன்று பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு இப்ராஹீம் நபியின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். முனிரா வீட்டுக்கு வந்து மாமாவைக் குடைந்து எடுத்துவிட்டாள். இஸ்மாயீலைக் கத்தியின் கீழ் படுக்க வைத்ததைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, அதற்குத்தான் வானத்திலிருந்து கிடா வந்துவிட்டதே. அவளுக்கு அதற்கு முந்தைய கதைதான். "தாத்தா, ஹாஜரா அம்மாவையும் கைப்பிள்ளையையும் தண்ணியில்லாத எடத்துல விட்டுட்டு அவரு போனாரே, திரும்பி எப்ப வந்தாரு?" என்று கேட்டாள். மாமா, "வந்தாரு, வந்தாரு, போயி ஆட்டுக்குத் தண்ணி காட்டு" என்று விரட்டிவிட்டார்.

நாம் பெருநாள்தோறும் தகப்பனையும் மகனையும்தான் பேசுகிறோம். எனக்கு இந்த வருடம் அந்த அம்மா ஞாபகமாகவே இருக்கிறது. அவருக்காவது பின்னாலேயே ஓடிப் போய், "இது இறைவன் உங்களுக்கு இட்ட கட்டளையா?" என்று கேட்க முடிந்தது. அவர் ஆமாம் என்று தலையாட்டினார். சரி, அப்படியென்றால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று அந்த அம்மா திரும்பி நடந்தார். ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. நான் யார் பின்னால் ஓடிக் கேட்பது? ஸ்டுட்கார்ட் பஸ் காலையில் ஏழு மணிக்கே போய்விடுகிறது.

என் புலம்பலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்லாவா இனிப்புக்கு வால்நட் உடைக்க வேண்டும், கப்ருஸ்தானுக்குப் போய்க் கல்லறைப் புல் பிடுங்க வேண்டும், வீட்டுக்கு வெள்ளை அடித்தது இன்னும் காயவில்லை. எங்கே இருந்தாலும் பெருநாள் தொழுகையை விட்டுவிடாதீர்கள். பெருநாள் வாழ்த்து, பைராம் முபாரக்.

உங்கள் மனைவி
ஸும்ரெதா


பெஷ்தெர் மேடு
20 அக்டோபர் 1980
பெருநாளின் இரண்டாம் நாள், மத்தியான லுஹர் தொழுகைக்குப் பின்

ஃபெஹிம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நாசிஃப் உங்கள் கையிலேயே கொடுப்பார். விடுதிக்கு எழுதியதெல்லாம் வாசல்காரரின் அலமாரியில் கட்டாகக் கிடக்கிறதாம். கோடை காலத்திலேயே நீங்கள் அங்கிருந்து போய்விட்டீர்களாம். நான் அதற்கும் உங்களிடம் கோபப்பட்டு, பேனா மை என்று கேலி செய்து எழுதியிருந்தேன். யாருமே படிக்காத கேலி.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். தொழுகை முடிந்து மாமா வந்தார். ரத்தம் விழக் குழி தோண்டி வைத்திருந்தேன். கிடாவைக் குளிப்பாட்டி முதுகில் சிவப்பு தீட்டியிருந்தாள் முனிரா. வழக்கம்போல வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைக்கவில்லை, குர்பானியின் ஈரல் வறுபட்ட பிறகுதானே முதல் கவளம். மாமாவின் கைக்கு உதவி வேண்டும் என்று நாசிஃபும் அவர் தம்பியும் வந்தார்கள். மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் முகம் வைத்துக் கிடாவைப் படுக்க வைத்தோம். என் வெள்ளை முக்காட்டால் அதன் கண்ணைக் கட்டினேன். அது அசையாமல் கிடந்தது. மாமா கத்தியை எடுத்தார். அப்போது அவர் கை நடுங்கவே இல்லை, அதை நான் பார்த்தேன். "என் மகன் ஃபெஹிமோட குர்பானி, அவன் கொடுத்த சொல்லோட" என்று சொல்லி, அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்ல வாயெடுத்தார்.

நாசிஃப் கிடாவின் காலை விட்டுவிட்டார். "மாமா, நிறுத்துங்க. அவன் பேரச் சொல்லாதீங்க" என்றார். மாமா நிமிர்ந்து பார்த்தார். "அவன் சொல் கொடுத்துட்டான் மாமா. உங்களுக்கு இல்ல. ரோஷாயே ஊர்ல ஒரு வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்தான். வர்றப்ப சுத்திப் போயி நான்தான் அந்தச் சொல்லக் கொண்டுபோய்க் குடுத்தேன். இந்நேரம் அங்க அறுத்திருப்பாங்க." சொல்லிவிட்டு அந்த ஆள் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா அல்லாவோட பேரச் சொல்லி அறுக்கற எடத்துல, சாட்சியா காலப் பிடிச்சுக்கிட்டு, பொய்யக் கேட்டுக்கிட்டு எப்படி நிப்பேன்?" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் காபி கொடுத்து, கெஞ்சி, மடக்கிக் கேட்டும் வராத உண்மை, கத்திமுன் வந்தது. நம் ஆட்கள் அப்படித்தான். மனுஷரிடம் மறைப்பதற்கெல்லாம் மனம் வரும், குர்பானியில் பேரை மாற்றிச் சொல்ல மட்டும் நடுங்கும். உங்களுக்கும் அப்படித்தானே நடுங்கியிருக்கிறது? எனக்கு எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. ஆனால் குர்பானி விட்டுப்போகக் கூடாது என்று ஆள் தேடிச் சொல் அனுப்பியிருக்கிறீர்கள். கடமையில் நீங்கள் சுத்தம், ஃபெஹிம்.

மீதியை நாசிஃப் துண்டு துண்டாகச் சொன்னார். அந்த வீட்டுப் பெரியவரின் மகள் விதவை, உங்கள் உலைக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். விடுதி அறையில் ஒரு இமாமை வைத்து நிக்காஹ் ஓதியிருக்கிறீர்கள். வசந்தத்தில் பிள்ளை பிறக்கும். முனிராவை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, முற்றத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டேன். கையில் ஈரல் வாங்க வைத்திருந்த தாம்பாளம். அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மாமா கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். குனிந்து அவரே கிடாவின் கண்கட்டை அவிழ்த்தார். அது எழுந்து உடம்பை உதறிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொழுவத்துக்குப் போய்விட்டது. படுத்த குர்பானி எழுந்து போனதை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. மாமா உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உச்சிப் பொழுதுவரை எல்லோரும் பட்டினி. கடைசியில் முனிரா, "ஈரல் இல்லாம சாப்பிட்டா பாவமாம்மா?" என்று கேட்டாள். ரொட்டியும் பாலாடையும் கொடுத்தேன். பாவமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெருநாள் நிற்குமா? சலாம் சொல்ல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காபி போட்டேன், பக்லாவா வைத்தேன். ஒவ்வொரு வருடமும் வாசற்படி ஏறும்போதே, "ஜெர்மன்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்கிற பெண்கள் நேற்று ஒருவரும் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும் என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது. தபால்காரர் ஸாயிமும் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு பக்லாவா தின்றுவிட்டுப் போனார். அவருடைய ஜெர்மன் ரயிலை நினைத்தால் இப்போது பாவமாக இருக்கிறது.

சாயங்காலம்வரை அண்டை வீடுகளிலிருந்து குர்பானிக் கறி தட்டுத் தட்டாக வந்தது. நம் வீட்டிலிருந்து ஒரு தட்டும் போகவில்லை. கறி வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாதே என்று பக்லாவாவை வைத்து அனுப்பினேன். அது தீர்ந்ததும் சர்க்கரைக் கட்டிகளை வைத்தேன். மலைப்பக்கத்து ஏழைக் கிழவி மெய்ரா நம் வீட்டுப் பங்கை வாங்கக் கூடையோடு வந்து வேலியோரம் நின்றாள். "இன்னும் அறுக்கல பாட்டி, நாளைக்கு வாங்க" என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

இன்று காலை மாமா எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். ஒரே நாளில் ஆள் பாதியாகிவிட்டார். அடுப்பருகே நின்றுகொண்டு, "இமாம்கிட்ட கேட்டுட்டு வந்தேன். நாளைக்குப் பொழுது சாயறவரைக்கும் நேரம் இருக்காம். உனக்குக் கல்யாணத்துல போட்ட பொன்காசு இருக்கறதால உன் பேருலயும் குர்பானி கடமைதானாம், இத்தன வருஷம் நாமதான் நெனச்சுப் பாக்கலயாம். புள்ள, இந்தக் கிடாவ உனக்குக் குடுத்துட்டேன். உன் பேருல அறுக்கட்டுமா? எனக்குச் சொல் குடு" என்றார்.

இந்த வீட்டில் என்னிடம் யாரும் சம்மதம் கேட்டது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட வேண்டியதுதானே? எனக்கு நாக்கு எழவில்லை. மாமா தலை குனிந்து நிற்கிறார், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. சரி என்று ஒரு சொல் சொன்னால் இந்த வீட்டுக் குர்பானியிலிருந்து உங்கள் பேர் போய்விடும். அதை என் வாயாலேயே போக்கியதாகிவிடும். சொல்லாவிட்டால் கிடா தொழுவத்தில் நிற்கும், மெய்ரா நாளைக்கும் வெறுங்கூடையோடு போவாள், அந்தக் கிழவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றேன். அவர், "யோசி, யோசி" என்று சொல்லிவிட்டுப் பாலை இறக்கி வைத்தார். கை நடுங்கிப் பாதியைக் கொட்டிவிட்டார்.

நாளை மத்தியானத்துக்குள் சரி என்று சொல்லிவிடுவேன். மனம் ஒப்பித்தானா, வேறு வழி இல்லாமலா என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மெய்ராவுக்கும் மற்ற ஏழைகளுக்கும், ஒரு பங்கு அண்டை வீடுகளுக்கும், ஒரு பங்கு எங்களுக்கும் என்று பிரிப்பேன். உங்களுக்கு உப்புக் கண்டம் போட்டு அனுப்புகிற பங்கை இந்த வருடம் எடுத்து வைக்கமாட்டேன். கோபத்தால் இல்லை. உங்களுக்கு வேறு வீட்டிலிருந்து வரும்.

முனிராவுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பெருநாளன்று அவள் தாத்தாவின் கையை இரண்டு தடவை முத்தமிடுவாள், ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று தூரத்தில் இருக்கிற உங்களுக்கு. நேற்று மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதும் போய் அப்படித்தான் செய்தாள். மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இதற்குமேல் அவளுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ரோஷாயேப் பெண்ணைப் பற்றி நான் ஒரு கெட்ட வார்த்தையும் எழுத மாட்டேன். ஒருமுறை விதவையானவள், பாவம். அவள் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அதன் காதில் பாங்கு சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். முனிரா பிறந்தபோது நீங்கள் வந்து சேர நாற்பது நாள் ஆயிற்று.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க இருக்கிறது. கோர்ட்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், ஊரைக் கூட்டி நியாயமும் வேண்டாம். ஒரு கிடாவை அறுக்கக்கூட உயிரோடு இருக்கிற ஆளின் சொல் வேண்டும் என்கிறது நம் மார்க்கம். அதை நீங்கள் மறக்கவில்லை, ஆயிரம் மைல் தாண்டிச் சொல் அனுப்பினீர்கள். எனக்கும் ஒரு சொல் அனுப்புங்கள். வருகிறேன் என்று சொல்லுங்கள், அல்லது உன்னை விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். எதுவானாலும் நாசிஃபிடம் வாயாலேயே சொல்லி அனுப்பலாம். அவர் பொய் சொல்ல மாட்டார். விட்டுவிட்டேன் என்று வந்தாலும் நான் உங்களைச் சபிக்க மாட்டேன், பெருநாள் சாட்சி.

இறைவன் உங்கள் குர்பானியை ஏற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் சொல்லும்வரை உங்கள் மனைவி,
ஸும்ரெதா